வடு உள்ள கருப்பையும் உடன் வந்த நோயும்

(தில்லி கரோல் பாக்கில் தமிழ்க் குடும்பங்களுக்காக நடைபெற்ற தாய்சேய் நலக் கூட்டமொன்றில் மகப்பேறு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் குறுகியது. முதல் குழந்தையைச் சிசேரியன் அறுவை மூலம் பெற்ற ஒரு தாய் மீண்டும் கருவுற்றிருக்கிறார். அவருக்கு இரத்தக் கொதிப்போ, நீரிழிவோ, இருதய நோயோ, சோகையோ உடனிருக்கிறது. இரண்டாவது குழந்தை இயல்பான வழியில் பிறக்கலாமா? அல்லது மீண்டும் அறுவைதானா? பெரும்பாலான குடும்பங்களில் இக்கேள்விக்கு விடை முன்கூட்டியே தயாராக இருக்கிறது. "ஏற்கெனவே ஆபரேஷன், இப்போது சர்க்கரை வேறு, ஆகவே ஆபரேஷன்தான்" என்று வீட்டாரே தீர்த்துவிடுகின்றனர். சில மருத்துவர்களும் அவ்வாறே தீர்த்துவிடுகின்றனர். இந்த இரண்டு காரணங்களையும் இப்படிக் கூட்டிப் பார்ப்பது சரியான கணக்குத்தானா என்பதை ஆராய விரும்புகிறேன்.

கரோல் பாக்கில் இதைப் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. மத்திய அரசுப் பணியை நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இப்பகுதியில் வாழ்ந்து வருகின்றன. இவர்களின் பிள்ளைகளுக்காகவே பூசா சாலையில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் நடைபெறுகிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஆகவே முதல் குழந்தை தஞ்சையிலோ திருநெல்வேலியிலோ பிறக்கிறது. இரண்டாவது குழந்தைக்குள் மூத்தது பள்ளிக்குப் போகத் தொடங்கிவிடுவதால் ஊருக்குச் செல்ல இயலுவதில்லை. பேறு தில்லியில் நடக்கிறது. கருப்பையில் வடு ஏற்பட்டது ஓர் ஊரில். அவ்வடுவை நம்பலாமா என்று முடிவு செய்ய வேண்டிய மருத்துவர் இருப்பது 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால். அறுவை பற்றிய குறிப்போ, அநேகமாகத் தாய்வீட்டு அலமாரியில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு இடையில் இருக்கிறது. இக்குறிப்பின் முக்கியத்துவத்தைப் பின்னர் விரிவாகச் சொல்கிறேன்.

1916-ஆம் ஆண்டில் பிறந்த ஒரு விதி

தில்லியின் மருத்துவ வரலாற்றில் 1916 குறிப்பிடத்தக்க ஆண்டு. பெண்கள் மருத்துவம் பயில்வதற்கென லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரி அவ்வாண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஹக்கீம் அஜ்மல் கானின் முயற்சியால் எழுந்த ஆயுர்வேத, யுனானி திப்பியா கல்லூரிக்கு இதே கரோல் பாக்கில் அவ்வாண்டு ஹார்டிஞ்ச் பிரபு அடிக்கல் நாட்டினார். 1921-இல் மகாத்மா காந்தி அதனைத் திறந்து வைத்தார். அதே 1916-இல்தான் நியூயார்க் நகரில் எட்வின் கிராகின் என்ற மகப்பேறு மருத்துவர், ஒரு முறை சிசேரியன் செய்தால் பின்னர் எப்போதும் சிசேரியன்தான் என்ற கருத்தை எழுதினார். அந்த வாக்கியம் உலகெங்கும் பரவி, நம் பாட்டிமார் வாயிலும் வந்து அமர்ந்துவிட்டது.

ஆனால் கிராகின் எழுதியதன் நோக்கம் வேறு. பின்வரும் பேறுகளிலும் கத்தி வேண்டியிருக்கும் என்பதால் முதல் சிசேரியனை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள் என்பதே அவருடைய எச்சரிக்கை. விதிக்கு விலக்குகள் உண்டென்பதையும் அவர் மறைக்கவில்லை. மேலும், அக்காலத்துச் சிசேரியன் வேறு. இக்காலத்துச் சிசேரியன் வேறு. அன்று கருப்பையின் மேற்பாகத்தில், தடித்த தசையில், மேலிருந்து கீழாக வெட்டினர். வலி எடுக்கும்போது சுருங்குவதும் இழுபடுவதும் அத்தசையே. ஆகவே அடுத்த பேற்றில் அவ்வடு கிழிந்துவிடும் அபாயம் மிகுதி. 1920-களில் கிளாஸ்கோ நகரின் மன்ரோ கெர், கருப்பையின் கீழ்ப்பாகத்தில் குறுக்காக வெட்டும் முறையை வலியுறுத்திப் பரப்பினார். அவ்விடம் மெல்லியது, வலியின்போது அதிகம் சுருங்காதது, நன்றாக ஆறுவது. இன்று செய்யப்படும் சிசேரியன்களில் மிகப் பெரும்பாலானவை இவ்வகையே. வெட்டு மாறியது, விதி மட்டும் மாறாமல் நின்றுவிட்டது.

1980-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் மாநாடு, குறுக்கு வடு உள்ள தாய்மார் இயல்பான பேற்றுக்கு முயலலாம் என்று அறிவித்தது. பின்னர் அந்நாட்டில் ஆர்வம் எல்லை மீறி, தகுதியற்றவர்களையும் முயலச் செய்து, விபத்துகள் நேர்ந்து, ஊசல் மறுபக்கம் போயிற்று. 2010-இல் மீண்டும் ஒரு மாநாடு கூடி, தகுதியுள்ள தாய்க்கு இவ்வாய்ப்பை மறுக்கலாகாது என்று கூறியது. ஆர்வத்தினாலோ அச்சத்தினாலோ முடிவு செய்வதில் பயனில்லை என்பதற்கு இந்த 30 ஆண்டுக்கால ஊசலாட்டமே சான்று.

எண்கள் கூறுவது

வேறு நோய் ஏதுமில்லாத தாயை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரே ஒரு குறுக்கு வடு. குழந்தை தலை கீழாக இருக்கிறது. தானாக வலி எடுக்கிறது. இத்தகையோர் 100 பேர் முயன்றால், ஏறத்தாழ 72 முதல் 75 பேர் இயல்பாகவே பெறுகின்றனர் என்று பிரிட்டிஷ் மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. முன்பு ஒரு முறையேனும் இயல்பாகப் பெற்றவராயின் 85 முதல் 90 பேர் வரை வெற்றி காண்கின்றனர். வடு கிழியும் அபாயம் 200-இல் ஒருவருக்கு. 200-இல் ஒன்று என்பது சிறிய எண்தான்; ஆனால் கிழிந்துவிட்டால் சில நிமிடங்களில் வயிற்றைத் திறக்க வேண்டும்; தாமதித்தால் குழந்தையை இழக்கலாம், கருப்பையை இழக்கலாம், சில வேளைகளில் தாயையே இழக்கலாம். இதனை மறைத்து "ஒன்றும் ஆகாது" என்று சொல்லும் மருத்துவர் தம் கடமையைச் செய்யவில்லை.

மறுபக்கத்தில், மீண்டும் அறுவை செய்துகொள்வது பத்திரமான வழி என்ற எண்ணமும் பாதி உண்மையே. நாள் குறித்துச் செய்யும் இரண்டாவது அறுவையில் அன்றைய அபாயம் குறைவு. ஆனால் அது அடுத்தடுத்த பேறுகளின்மேல் கடனை ஏற்றுகிறது. ஒவ்வோர் அறுவைக்குப் பின்னும் நச்சுக்கொடி பழைய வடுவில் வேரூன்றிப் பிரியாமல் போகும் வாய்ப்பு உயர்கிறது. நச்சுக்கொடி கீழே இறங்கி வடுவை மூடியிருக்கும் தாயின் நிலைமை இன்னும் கடினம்: ஓர் அறுவை செய்தவருக்கு 11 சதவீதமாக உள்ள இவ்வபாயம், இரண்டு அறுவை செய்தவருக்கு 40 சதவீதமாகிறது என்று 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அந்நிலையில் கருப்பையையே எடுத்துவிட நேர்வதுண்டு. ஆகவே, "இன்னும் எத்தனை குழந்தை வேண்டும்?" என்பது இம்முடிவில் முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்விகளுள் ஒன்று. இத்துடன் போதும் என்பவருக்கு ஒரு கணக்கு. இன்னும் இரண்டு வேண்டும் என்பவருக்கு வேறு கணக்கு.

இது சிலருடைய சிக்கல் மட்டும் அன்று. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 21.5 சதவீதப் பேறுகள் சிசேரியன் மூலம் நடந்தன. அரசு நிலையங்களில் 14.3 சதவீதம், தனியார் நிலையங்களில் 47.4 சதவீதம். தமிழ்நாட்டில் மொத்தம் 44.9 சதவீதம். அதாவது, ஊருக்குத் தலைப்பிரசவத்திற்குச் செல்லும் நம் பெண்களில் ஏறக்குறைய இருவரில் ஒருவர் வடுவுடன் தில்லி திரும்புகிறார் என்று கொள்வதில் தவறில்லை.

நோய் எதனை முடிவு செய்கிறது?

இனி நோய்க்கு வருகிறேன். பொதுவாக, நோய் எந்த வழியில் பெறுவது என்பதை நேரடியாக முடிவு செய்வதில்லை. எப்போது பெறுவது என்பதை முடிவு செய்கிறது. அந்த நேரமே பின்னர் வழியை முடிவு செய்துவிடுகிறது. மாணவர்கள் இதனைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறேன்.

வடுவுள்ள கருப்பைக்கு மிக உகந்தது, தானாக வலி எடுக்கும் வரை காத்திருப்பது. 2004-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், இயல்பான பேற்றுக்கு முயன்ற சுமார் 18,000 தாய்மார் இடம்பெற்றனர். தானாக வலி எடுத்தவர்களில் வடு கிழிந்தது 0.4 சதவீதம், மருந்தால் வலி வரவழைக்கப்பட்டவர்களில் 1 சதவீதம். இரண்டரை மடங்கு. கருப்பை வாயை மென்மையாக்கும் சில மருந்துகள் இன்னும் அபாயமானவை. அவற்றுள் மிசோப்ரோஸ்டால் என்ற மாத்திரையை வடுவுள்ள தாய்க்கு நிறைமாதத்தில் வலி வரவழைக்கக் கொடுக்கவே கூடாது. ஆக, வடு "காத்திரு" என்கிறது. நோயோ பல வேளைகளில் "காத்திராதே" என்கிறது. சிக்கல் இவ்விரண்டின் மோதலில்தான் இருக்கிறது.

இரத்தக் கொதிப்பில் இம்மோதல் மிகத் தெளிவு. கர்ப்பத்தில் கொதிப்பு ஏறி, சிறுநீரில் புரதம் இறங்கி, தலைவலியும் கண் மங்கலும் தோன்றினால், பேறுகால ஜன்னி வாசலில் நிற்கிறது என்று பொருள். இதற்கு முடிவான மருந்து குழந்தையை வெளியே எடுப்பதே. அது 34-ஆம் வாரமாயினும் 36-ஆம் வாரமாயினும் எடுத்தாக வேண்டும். கருப்பை வாய் அப்போது பெரும்பாலும் இறுகி மூடியிருக்கும். வாய் சற்று இளகியிருந்தால், மருந்தின்றி ரப்பர்க் குழாயின் நுனிப் பையை நீரால் நிரப்பி மெல்லத் திறக்கச் செய்து, கண்காணிப்புடன் முயலலாம். வாய் இறுகியிருந்து, நோய் விரைந்து ஏறினால் அறுவையே தக்கது. இதே கொதிப்பு மாத்திரையில் அடங்கி, சிறுநீர் தெளிவாக இருந்து, தானாக வலியும் எடுத்துவிட்டால், கொதிப்பு இருக்கிறதென்ற ஒரே காரணத்துக்காக அறுவை செய்ய வேண்டியதில்லை. நோயின் பெயர் ஒன்றே, முடிவு இரண்டு.

நீரிழிவைப் பற்றி இங்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் நம்மவரிடையே அது மிகுதி. 75 கிராம் குளுக்கோஸ் பருகி இரண்டு மணி நேரத்திற்குப் பின் இரத்தத்தில் 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு என்பது நம் நாட்டு வழிகாட்டி. நீரிழிவு மட்டுமே இயல்பான பேற்றுக்குத் தடையாகாது என்று பிரிட்டனின் தேசிய வழிகாட்டி வெளிப்படையாகவே கூறுகிறது. தடையாவது அதன் விளைவு: அடங்காத சர்க்கரையால் குழந்தை பருத்து, தலை வந்த பின் தோள் சிக்கிக்கொள்வது. நான்கு கிலோவுக்கு மேற்பட்ட குழந்தையில் முயற்சி தோற்பதும் மிகுதி. ஆகவே சோற்றின் அளவைக் குறைப்பதும், தினமும் நடப்பதும், வேண்டுமானால் இன்சுலின் போட்டுக்கொள்வதும் பேற்றின் வழியையே மாற்றவல்ல செயல்கள். ஆறாம் மாதத்திலேயே தட்டில் தொடங்கும் முடிவு இது. உணவாலேயே சர்க்கரை அடங்கிய தாய் 40 வாரம் வரை காத்திருக்கலாம். இன்சுலின் தேவைப்படுபவருக்கு அதற்கு முன்பே நாள் குறிக்க நேரும். மீண்டும் நேரத்துக்கே வந்து நிற்கிறோம்.

இருதய நோய் வேறு விதமானது. சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் மூட்டுவாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கிப்போன பெண்கள் நம் நாட்டில் இன்னும் கணிசமாக உள்ளனர். கர்ப்பத்தில் இரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. குறுகிய வால்வு இந்த வெள்ளத்தைத் தாங்காமல் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறுகிறது. இப்படிப்பட்டவருக்கு வலியின் சிரமம் ஆகாது. அறுவையே நல்லது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. அறுவையில் இரத்த இழப்பு இயல்பான பேற்றைவிட ஏறத்தாழ இரு மடங்கு; உடலில் நீரின் அளவு சடுதியில் மாறுகிறது; கிருமி தொற்றும் வாய்ப்பும் இரத்தம் உறையும் வாய்ப்பும் கூடுதல். ஆகவே ஐரோப்பிய இருதய மருத்துவர் கழகத்தின் 2018 வழிகாட்டி, பெரும்பாலான இருதய நோயாளிகளுக்கு இயல்பான பேற்றையே முதலில் வைக்கிறது. முதுகில் மருந்து செலுத்தி வலியைத் தணித்து, இறுதிக் கட்டத்தில் தாயை முக்கவிடாமல் கருவி கொண்டு குழந்தையை எடுக்கலாம். "ஆயுதம் போடுவது" என்று நம் பாட்டிமார் அஞ்சிய அக்கருவி இங்கே இருதயத்துக்குத் துணை. மகாதமனி விரிந்திருப்பது, அடங்காத இருதயச் செயலிழப்பு, இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை உண்ணும்போதே வலி எடுத்துவிடுவது போன்ற சிலவற்றில் மட்டும் அறுவை தேவை. வார்ஃபரின் நச்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்கும் போகிறது. பிறக்கும் வழியில் தலை நெரிபடும்போது மூளையில் இரத்தம் கசியலாம் என்பதே காரணம். எவ்வாறாயினும், இத்தாயின் பேறு இருதய மருத்துவரும் உடனிருக்கும் பெரிய மருத்துவமனையிலேயே நடைபெற வேண்டும். வடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதில் மாற்றமில்லை.

சோகையை நோயென்றே நம்மில் பலர் கருதுவதில்லை. அக்கணக்கெடுப்பிலேயே நாட்டின் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதத்தினர் சோகையுற்றவர்கள் எனக் கண்டது. இரத்தம் குறைந்தவர் எவ்வழியில் பெற்றாலும் சிறிதளவு இழப்பையும் தாங்கமாட்டார். அறுவையில் இழப்பு அதிகம் என்பதால் அறுவை அவருக்குக் கூடுதல் சுமை. ஆனால் வடு கிழிந்தால் வரும் இரத்தப் பெருக்கும் அவரைத்தான் முதலில் வீழ்த்தும். இவ்விரண்டுக்கும் நடுவே வாதாடுவதைவிட, ஏழாம் மாதத்திற்குள் இரும்புச் சத்து மாத்திரையாலோ, அது போதாதெனில் நரம்பு வழி ஊசியாலோ இரத்தத்தை ஏற்றிவிடுவது மேல். முடிவையே எளிதாக்கிவிடும் நோய் இது ஒன்றுதான். அதனால்தான் இதனை அலட்சியம் செய்யும்போது எனக்குக் கோபம் வருகிறது.

கிட்டப்பார்வை, ஆஸ்துமா, தைராய்டுக் குறைவு, மருந்தில் அடங்கிய வலிப்பு ஆகியவை பற்றி அடிக்கடி கேட்கின்றனர். இவை தம்மளவில் அறுவைக்குக் காரணமாவதில்லை. கண்ணாடியின் பவர் அதிகம் என்பதற்காக வயிற்றை அறுக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருப்பது வியப்பே.

தோலின் வடுவும் கருப்பையின் வடுவும்

மேலே கூறியவை அனைத்தும் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கின்றன: வடு குறுக்கானது, கீழ்ப்பாகத்தில் உள்ளது என்பது. இதனை எப்படி அறிவது? வயிற்றின் தோலைப் பார்த்து அறிய முடியாது. தோலில் குறுக்கு வெட்டும் உள்ளே கருப்பையில் நெடு வெட்டும் இருக்கலாம். குறிப்பாக, மிகவும் குறைமாதத்தில் அறுவை செய்தபோது கீழ்ப்பாகம் உருவாகியிராததால் நெடுக வெட்ட நேர்ந்திருக்கலாம். அதைச் சொல்லவல்லது அறுவைக் குறிப்பு ஒன்றே.

ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறேன். கணவர் அரசு அலுவலர். கர்ப்பகால நீரிழிவு, உணவிலேயே அடங்கியிருந்தது. தோலில் அழகான குறுக்கு வடு. மூத்த குழந்தைக்கு வயது நான்கு. இயல்பாகப் பெற வேண்டும் என்ற விருப்பம் அவருக்கு மிகுதி. அதற்குத் தகுதியானவர் என்றே யாருக்கும் தோன்றும். முதல் குழந்தை ஏழாம் மாதத்திலேயே பிறந்தது என்ற ஒரு செய்தி மட்டும் உறுத்தியது. அவரிடம் இருந்தது ஒரு பக்கச் சீட்டு. அதில் "சிசேரியன் செய்யப்பட்டது, தாயும் சேயும் நலம்" என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. அவருடைய தந்தையார் தமிழ்நாட்டில் அந்த மருத்துவமனையின் பதிவறைக்கு மூன்று முறை நடந்து, பழைய கோப்பைத் தேடச் செய்து, அறுவைக் குறிப்பைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினார். கருப்பையின் மேற்பாகத்தில் நெடு வெட்டு. இத்தகைய வடுவுக்கு வலியே எடுக்கக் கூடாது. 37-ஆம் வாரத்தில் நாள் குறித்து அறுவை செய்தோம், பெண் குழந்தை. நீரிழிவு இம்முடிவில் எவ்விதப் பங்கும் பெறவில்லை. அந்தப் பெரியவர் மூன்றாம் முறை போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மாணவர்கள் தாமே எண்ணிப் பார்க்கலாம்.

இங்கிருக்கும் அலுவலர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான். தாய்சேய் பாதுகாப்பு அட்டை நாடெங்கும் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிக்மி எண் இருக்கிறது. 2021-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் மருத்துவப் பதிவுகளை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்ல முற்படுகிறது. இத்தனை ஏற்பாடுகளுக்கு நடுவே, அறுவை செய்த ஒவ்வொரு தாயின் கையிலும் நான்கு வரிகள் எழுதித் தருவதைக் கட்டாயமாக்கலாம்: ஏன் அறுவை செய்யப்பட்டது, கருப்பை எவ்விடத்தில் எவ்வாறு வெட்டப்பட்டது, வெட்டு நீண்டு கிழிந்ததா, பின்னர் காய்ச்சலோ சீழோ கண்டதா. அடுத்த பேற்றில் வலிக்குக் காத்திருக்கலாமா என்பதை ஐந்தாவது வரியாக அறுவை செய்த மருத்துவரே எழுதிவிட்டால் இன்னும் நன்று. இதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை.

எங்கே பெறுவது?

வடுவுடன் இயல்பான பேற்றுக்கு முயல்பவருக்கு, இரவு இரண்டு மணிக்கும் அறுவைக் கூடமும், மயக்க மருந்து கொடுப்பவரும், இரத்தமும், குழந்தை மருத்துவரும் ஒரே கூரையின் கீழ் வேண்டும். குழந்தையின் நாடித் துடிப்பை வலி முழுவதும் கவனிக்க வேண்டும். வடு கிழிவதை முதலில் அறிவிப்பது பெரும்பாலும் அத்துடிப்பின் வீழ்ச்சியே. மயக்க மருந்து டாக்டரை வேறிடத்திலிருந்து தொலைபேசியில் அழைக்கும் சிறு நர்சிங் ஹோமில் இதற்கு முயல்வது தகாது. "அங்கே நார்மலுக்கு முயல்கிறார்கள்" என்ற நற்பெயரைக் கேட்டு அத்தகைய இடத்திற்குப் போவதைவிட, அங்கே நாள் குறித்து அறுவை செய்துகொள்வதே மேல் என்பேன்.

கரோல் பாக் மக்களுக்கு இதில் நற்பேறு உண்டு. லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியைச் சேர்ந்த சுசேதா கிருபளானி மருத்துவமனையும் ராம் மனோகர் லோகியா மருத்துவமனையும் சில கிலோமீட்டர் தூரத்தில் உள்ளன. 1921-இல் லாகூரில் தொடங்கி, பிரிவினைக்குப் பின் 1954-இல் தில்லியில் திறக்கப்பட்ட சர் கங்காராம் மருத்துவமனை ராஜிந்தர் நகரில் இருக்கிறது. மகப்பேறு மருத்துவரான டாக்டர் பி.எல். கபூர் நிறுவ, 1959-இல் நேரு திறந்து வைத்த மருத்துவமனை பூசா சாலையில் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் 2011 முதல் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்கீழ் அறுவையும் மருந்தும் இரத்தமும் இலவசம். கூட்டம் மிகுதி, படுக்கை கிடைப்பதில்லை என்ற குறை உண்மையே. ஆனால் இரவு இரண்டு மணிக்கு விழித்திருக்கும் மருத்துவர் அங்கேதான் நிச்சயமாக இருக்கிறார்.

யார் முடிவு செய்வது?

மருத்துவர் எடைபோட்டுச் சொல்லலாம், முடிவு தாயினுடையது. நடைமுறையில் மாமியாரும், தாயாரும், ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் சித்தியும் முடிவு செய்துவிட்ட பின்னரே தாயின் கருத்துக் கேட்கப்படுகிறது. முதல் பேற்றில் 20 மணி நேரம் வலி அனுபவித்து இறுதியில் அறுவைக்குப் போன பெண், மீண்டும் அதற்கு முயல விரும்பவில்லை என்றால், அதனைக் கோழைத்தனம் என்று கூறுவோரைக் கண்டிருக்கிறேன். அது நியாயமன்று. அவ்வாறே, இயல்பாகப் பெற விரும்பும் தகுதியுள்ள பெண்ணைப் படிவத்தில் கையெழுத்திடச் செய்து அச்சுறுத்துவதும் நியாயமன்று. இரண்டில் எதைத் தேர்ந்தாலும், அதற்கான பேச்சு ஏழாம் மாதத்திலேயே தொடங்கி, 36-ஆம் வாரத்திற்குள் எழுத்தில் வந்துவிட வேண்டும். அறுவைக்கு நாள் குறித்த தாய்க்கு அதற்கு முன்பே வலி எடுத்துவிட்டால் என்ன செய்வது என்பதும் அந்த எழுத்தில் இருக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகின்றனர்.

நாள் குறிப்பது என்றதும் பஞ்சாங்கம் நினைவுக்கு வருகிறது. நல்ல நட்சத்திரத்தில், இராகு காலம் தவிர்த்து அறுவை செய்யுமாறு கேட்கும் குடும்பங்கள் பல. ஒரே வாரத்துக்குள் நாள் மாறுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நோயின் தேவை ஏதுமின்றி 39-ஆம் வாரத்திற்கு முன்பு எடுத்தால், நுரையீரலின் நீர் வற்றாமல் குழந்தை மூச்சுக்குத் திணறலாம். நீரிழிவுத் தாயின் குழந்தைக்கு இது இன்னும் எளிதில் நேர்கிறது. 37-ஆம் வாரத்தில் அமிர்தயோகம் இருக்கிறது என்பது மருத்துவக் காரணம் ஆகாது.

அடுத்த குழந்தைக்கான இடைவெளி பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒரு சிசேரியனுக்கும் அடுத்த பேற்றுக்கும் இடையே 18 மாதத்திற்கும் குறைவாக இருந்தால் வடு கிழியும் வாய்ப்புக் கூடுகிறது. கருத்தடைச் சாதனத்தை, தாய் விரும்பினால், அறுவையின்போதே கருப்பையில் வைத்துவிடலாம். அரசு மருத்துவமனைகளில் இதற்குக் கட்டணமில்லை. அடுத்த முறை ஊரிலிருந்து திரும்பும்போது, குழந்தையின் பிறப்புச் சான்றிதழை வைக்கும் உறையிலேயே அறுவைக் குறிப்பின் நகல் ஒன்றையும் வைத்துக் கொண்டுவாருங்கள். தில்லியில் நள்ளிரவில் வலி எடுத்தால் 102 என்ற எண்ணுக்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும்; வந்தவரிடம் முதல் வார்த்தையாக, வயிற்றில் பழைய அறுவை இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.